குடியிருப்போர் எவருமில்லை

அந்த விண்ணப்பத்தை டைப் அடித்தது நான்தான். மூன்றாம் பக்கத்தில், "கட்டடத்தில் தற்போது குடியிருப்போர் எவருமில்லை" என்று ஒரு வரி வரும். அடிக்கும்போது காலை பதினோரு மணி இருக்கும். அந்த நேரத்துக்கு அந்தக் கட்டடத்தின் நாலாவது அறையில் பெரியம்மா உலை வைத்திருப்பாள். பெரியப்பா வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

பெரியம்மா என்று கூப்பிட்டேனே தவிர ரத்த உறவு கிடையாது. என் அம்மாவும் அவளும் சிலோன் தோட்டத்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். மண்டபம் முகாமில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தவர்கள். குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு குடும்பமும் சேர்ந்தே மலையேறியிருக்கின்றன. ஊரில் எல்லோரும் லைன் வீடு என்பதை எங்கள் ஆட்கள் லயம் என்பார்கள். அதில் உள்ள ஒவ்வொரு அறையும் காம்பரா. வரிசையாகப் பத்துக் காம்பரா, மேலே ஒரே கூரை. எங்களுடையது ஆறாவது, அவர்களுடையது நாலாவது. நான் பத்தாவது பரீட்சை எழுதின வருஷம் எங்கள் கூரை ஒழுகியது என்று அவர்கள் காம்பராவில்தான் உட்கார்ந்து படித்தேன். நான் புத்தகத்தை மூடும்வரை பெரியப்பா ரேடியோவைத் தொடமாட்டார். கிரிக்கெட் நடக்கிற நாளில்கூட.

அப்பா இறந்த பிறகு அம்மா எஸ்டேட்டை விட்டுவிட்டு, குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். நான் பட்டம் வாங்கி, டைப்பிங்கில் ஹையர் முடித்தேன். அப்போதுதான் தேயிலை விலை விழ ஆரம்பித்தது. முதல் வருஷம் எஸ்டேட்டில் உரம் நிறுத்தினார்கள். அடுத்து, செடியைக் கழித்துவிடுகிற கவ்வாத்து நின்றது. பாக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடி, பிறகு ஒரு நாள் ஓடி, பிறகு சத்தமே இல்லை. கோத்தகிரிப் பக்கம் சொந்தமாகத் தோட்டம் வைத்திருந்த படுகர்களே பறித்த இலையை ரோட்டில் கொட்டிவிட்டுப் போனார்கள். கூலிக்காரர்கள் என்ன செய்வார்கள்? லயத்திலிருந்து ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு இறங்கியது. இடுப்பளவு நின்ற செடிகள் வெட்ட ஆளில்லாமல் மரமாகி, லயத்துக்குப் போகும் பாதையை இருட்டாக்கின.

பெரியம்மாவும் பெரியப்பாவும் மட்டும் போகவில்லை. அவர் இருபது வருஷம் இலை காய வைக்கிற டிரையர் பக்கத்தில் நின்றவர். நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. திருப்பூரில் மகள் வீட்டில் ஒரே அறை, அதில் ஆறு பேர். அதனால் பெரியம்மா சோலூர்ப் பக்கம் கேரட் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் வந்து அவரைப் பார்த்துக்கொண்டாள். லயத்துக்குப் பின்னால் பீன்ஸ் போட்டிருந்தாள்.

தேயிலை போனால் என்ன, மலையில் பார்க்க எவ்வளவு இருக்கிறது, டூரிஸ்ட்டை வைத்துப் பிழைக்கலாம் என்று அந்த நாட்களில்தான் அரசாங்கத்தில் பேச ஆரம்பித்தார்கள். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க ஒரு நிதி வந்தது. உண்மையில் அது கடலோர ஊர்களுக்காகப் போட்ட திட்டம். பழைய கலங்கரை விளக்கம், துறைமுகக் கிடங்கு, கடற்கரை மண்டபம் இவற்றையெல்லாம் பழுதுபார்த்து, கலை நிகழ்ச்சிகள் வைத்து, வியாபாரம் செத்துப்போன ஊர்களை உயிர்ப்பிப்பதாக யோசனை. அங்கே செலவழிக்காமல் மிஞ்சியதை மலைக்குத் திருப்பிவிட்டார்கள். விண்ணப்பப் படிவத்தை மட்டும் மாற்றவில்லை. கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு கட்டம் இருந்தது. நான் அதில் ஒரு கோடு போட்டு விட்டேன்.

அந்தத் திட்ட அலுவலகத்தில் நான் தினக்கூலி டைப்பிஸ்ட். என் அதிகாரி பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். குளிர் ஒத்துக்கொள்ளாமல் ஆபீசுக்குள்ளும் குரங்குக் குல்லாவோடு இருப்பார். அதட்டிப் பேசத் தெரியாதவர். சென்னையிலிருந்து ஒரு கட்டடக்கலை நிபுணர் அம்மாவும் மாதம் இருமுறை வருவார். யாரையும் கேட்காமல் போட்டோ எடுக்கமாட்டார். பழைய பங்களாக்களை எல்லோருமே புதுப்பிக்கிறார்கள், தொழிலாளி வாழ்ந்த இடத்தை யார் காப்பாற்றுவது என்று கேட்டவர் அவர்தான். எங்கள் லயம் கருங்கல் சுவர் வைத்துக் கட்டியது, அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பழசு. பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பெரியம்மா பெரியப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள், அங்கே இன்னும் ஆள் குடியிருப்பது நிபுணர் அம்மாவுக்குத் தெரியாது. அதைத் தேயிலைத் தொழிலாளர் வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகம் ஆக்குவது என்று முடிவானது. எஸ்டேட் முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

விதிப்படி, ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு அந்த நிதி கிடையாது. அதனால்தான் அந்த வரி. அதிகாரி அதைச் சொல்லும்போது தயங்கினார். பணம் வருவதற்குள் அவர்களைக் கிளப்பிவிடலாம், அப்புறம் எழுதினது பொய்யாகாது என்றார். அடித்து முடித்ததும் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க அந்த லைன்ல பொறந்தவங்கதானுங்களே? நீங்களே போய்ப் பேசிப்போடுங்க. நாங்க போனா பயந்துக்குவாங்க."

என்ன சொல்வது என்று கேட்டேன். வேலை முடிந்ததும் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லச் சொன்னார்.

"வர முடியுங்களா சார்?"

அவர் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார். "சொல்றதுக்கு என்னங்க" என்றார்.

அன்றைக்கு நான் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கமாட்டார்கள். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனால் அலுவலகத்தில் ஒரு இடம் நிரந்தரமாகப் போகிறது என்று பேச்சு இருந்தது. நான் அதைத்தான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பெரியம்மா வெறும் தேத்தண்ணி போட்டு, பனங்கற்கண்டு தனியாகக் கையில் கொடுத்தாள். கூரை மாற்றப் போகிறார்கள், சுவர் பூசப் போகிறார்கள், அதுவரை கீழே பிள்ளைக்காம்பராவில் இருந்தால் போதும் என்று சொன்னேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கொட்டகை அது. குழந்தைகள் வருவது நின்று ரொம்ப நாளாகியிருந்தது.

"ஆறு மாசம்தான் பெரியம்மா. அப்புறம் உங்க காம்பராவையே உங்களுக்குக் குடுப்பாங்க."

பெரியம்மா உடனே சரி என்றாள். பெரியப்பாதான், எழுதிக் கொடுப்பார்களா என்று கேட்டார். இரண்டு நாட்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்டதற்காகத் தட்டுமுட்டுச் சாமானோடு கடல் தாண்டினவர். காகிதம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். நானே எழுதித் தருகிறேன் என்றேன். பையிலிருந்த வெள்ளைத் தாளை எடுத்து, நாலாவது காம்பரா அவர்களுக்கே திருப்பித் தரப்படும் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டேன். அந்த அலுவலகத்தில் என் கையெழுத்துக்கு ஒரு குண்டூசி வாங்கும் அதிகாரம்கூடக் கிடையாது. அவர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, பெரியம்மாவிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

ஜீப் வைத்துச் சாமானை இறக்கிக் கொடுத்தேன். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் பெரியம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்: நம்ம புள்ள கவர்மெண்டுல இருக்கப்போய்த்தான் இந்தக் காலத்துல வீட்ட ரிப்பேர் பண்ணித் தர்றாங்க.

பிள்ளைக்காம்பரா ஓடைக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரை. ஒரு பக்கச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பனி இறங்கினால் உள்ளேயும் இறங்கும். அதை நான் முதல் நாளே பார்த்தேன். வெடிப்பில் சாக்கைத் திணிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

லயத்தில் வேலை ஆரம்பித்தது. செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து கொத்தனார்கள் வந்து, சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். பெரியம்மா கூலி இல்லாத நாளெல்லாம் மேலே ஏறி வந்து பார்ப்பாள். வரும்போது கொத்தனார்களுக்குப் பீன்ஸ் கொண்டுவருவாள். சாமான் தட்டு இவ்வளவு உயரத்தில் இருந்தால்தான் கைக்கு எட்டும், புகை போகிற ஓட்டை இந்தப் பக்கம் இருந்தால்தான் மழை அடிக்காது என்று சொல்வாள். அவர்களும் கேட்டுச் செய்தார்கள். நிபுணர் அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. உள்ளூர் மக்களின் பங்களிப்பு என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதச் சொன்னார். அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

அடுப்பங்கரைச் சுவரை மட்டும் பூசக் கூடாது என்று நிபுணர் அம்மா தடுத்துவிட்டார். இருபத்தைந்து வருஷப் புகை அங்கே தார் மாதிரிப் படிந்திருந்தது. அது அப்படியே இருக்கட்டும், அதில்தான் வாழ்க்கை இருக்கிறது என்றார். முன்னால் ஒரு கண்ணாடி பொருத்தினார்கள். அப்போதாவது பெரியம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கண்ணாடி போட்டால் எப்படிச் சமைப்பது என்று என்னிடம் கேட்டாள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள் என்றேன்.

காட்சிக்கு வைக்கப் பழைய பொருட்கள் வேண்டியிருந்தன. பெரியம்மாவிடம் கப்பலில் கொண்டுவந்த தகரப் பெட்டி இருந்தது, மூடியில் வெள்ளை பெயிண்டில் எண் எழுதியது. கொழுந்து பறிக்கும்போது மழைக்காக இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கும் இருந்தது. இரண்டையும் கேட்டேன். எங்க காம்பராவுலதானே இருக்கப்போவுது என்று சொல்லிக் கொடுத்தாள். அன்பளிப்பு என்று சீட்டு ஒட்டினேன். பக்கத்தில் நின்ற நிபுணர் அம்மா, அந்தக் கால வாழ்க்கையை நினைத்தால் எப்படி இருக்கிறது என்று பெரியம்மாவை அன்பாகக் கேட்டார்.

"எந்தக் காலத்தக் கேக்குறீங்க?" என்றாள் பெரியம்மா.

கிண்டலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கேள்வி நிஜமாகவே புரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் பெரியப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது. பிள்ளைக்காம்பராவின் தரை ஊறிக்கிடந்தது. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, லயம்தான் முடிந்துவிட்டதே, இப்போதே மேலே கூட்டிக்கொண்டு போகக்கூடாதா என்று என்னிடம் கேட்டாள். திறப்பு விழா முடியட்டும் என்றேன். ஒரு புதன்கிழமை காலை அவர் இறந்துபோனார்.

அப்போது நான் லயத்தில் இருந்தேன். விழாவுக்கு இன்னும் பதினோரு நாள். ஒத்திகைக்காக முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி கோடியில் நின்று மைக்செட்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பெரியம்மா மழையில் ஏறி வந்தாள். தலையில் உரச்சாக்கு. என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னாள், அங்கே எல்லோர் முன்னாலும் அழவில்லை. திருப்பூரிலிருந்து மகளும் ஆட்களும் வந்துகொண்டிருக்கிறார்கள். ஓடைப் பக்கம் மண் சரிந்து கிடக்கிறது, நாலு பேர் நிற்க இடமில்லை. பொணத்து மேலேயே ஒழுகுகிறது.

"ஒரே ஒரு நாளு, நம்ம காம்பரா வாசல்ல போட்டுக்கிறேன் புள்ள. நாளைக்கு எடுத்துருவோம்."

இருபதடி தூரத்தில் அதிகாரி நின்றார். போய்க் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த மனுஷன் சரி என்றுகூடச் சொல்லியிருப்பார். ஆனால் யாரந்தப் பிணம், எங்கே குடியிருந்தது என்று நிபுணர் அம்மா கேட்பார். நான் அடித்த மூன்றாம் பக்கம் வெளியே வரும்.

"அது இப்ப காம்பரா இல்ல பெரியம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நீ எழுதிக் குடுத்திருக்கியே?"

"அதுல சீல் இல்ல."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பதில். யோசிக்கவே இல்லை. பெரியம்மா சாக்கைத் தலையில் சரிசெய்துகொண்டாள். சிறுவயதிலிருந்து என்னை வா, போ என்று கூப்பிட்டவள்.

"சரிங்க" என்றாள். "நாங்க பாத்துக்கிறோங்க."

திரும்பி இறங்கிப் போனாள். அதிகாரி பக்கத்தில் வந்து, யார் அந்தம்மா, என்ன விஷயம் என்று விசாரித்தார். வேலை கேட்டு வந்தார்கள் என்று சொன்னேன். அப்படியா, திறப்பு விழாவில் கொழுந்து பறிக்கிற மாதிரி நிற்க ஆள் வேண்டுமே, அவங்க பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதிக்கொண்டேன்.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்றேன். நான் லீவு கேட்கவே இல்லை. மழைக்குப் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கரையிலேயே வைத்துத் தூக்கினார்கள் என்று அம்மா வந்து சொன்னாள்.

விழாவுக்கு ஆட்களைத் திரட்டும் பொறுப்பு என்னுடையது. பெரியம்மாவுக்கு எஸ்டேட் காவல்காரர் மூலம் சொல்லி அனுப்பினேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். பதினாறாம் நாள் காரியம் முன்னால் இருந்தது, மழையில் கேரட் தோட்டங்களில் கூலி நின்றிருந்தது. ஐந்து பெண்களுக்கும் ஒரே மாதிரிப் பச்சைப் புடவை, புதுக் கூடை. எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, நிபுணர் அம்மா தன் கையாலேயே பூ வைத்து, பொட்டு ஒட்டிக்கொண்டு வந்தார். பெரியம்மாவிடம் வந்தபோது அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்கம்மா."

"ஏன்? உங்களுக்கு நல்லா இருக்கும்" என்றார் நிபுணர் அம்மா. அவருக்கு எதுவும் தெரியாது.

பெரியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டும் என்றுதான் பார்த்தாள். மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும்.

"இருக்கட்டும், ஒரு மணி நேரம்தான்" என்றேன்.

அவள் தலை அசையாமல் நின்றது. நிபுணர் அம்மா பொட்டை ஒட்டி, இரண்டு முழம் மல்லிகையைக் கொண்டையில் பின் குத்தி வைத்தார். விருந்தாளிகள் வந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். நாலாவது காம்பராவில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பெரியம்மாவை ஒரு மணையில் உட்காரவைத்து டீ ஊற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் குனிந்து, இந்த மாதிரி வீட்டில் நீங்கள் இருந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இருந்திருக்கோங்க என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த காம்பராவுக்கு நகர்ந்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுக்க இடம் கேட்டார், அவள் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. பெரியம்மா, டீ டம்ளர், பின்னால் கரிச்சுவர். படத்தில் பொட்டும் பூவும் தெளிவாகத் தெரிந்தன. பள்ளிக்கூடத்தில் யாரோ அம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பேப்பர் மடித்தபடி தரையில் கிடந்தது. அம்மா சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். நான் பிசைய ஆரம்பித்த பிறகுதான் பேசினாள்.

"அவ உனக்கு என்னாடி பண்ணுனா?"

சாப்பிட்டு எழுந்தேன். அம்மா அடுத்த நாள் துணிப்பையோடு பிள்ளைக்காம்பராவுக்குப் போய், பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அங்கேயே இருந்தாள். பிறகு மகள் வந்து பெரியம்மாவைத் திருப்பூருக்குக் கூட்டிப் போனாள்.

அருங்காட்சியகம் இரண்டு சீசன் ஓடியது. மே மாதம் பூக்கண்காட்சிக்கு வருகிறவர்களில் கொஞ்சம் பேர் வழி கேட்டு வந்து பார்ப்பார்கள். மூன்றாம் வருஷம் நிதி நின்றது. மின்சாரத்துக்கும் காவலுக்கும் யார் பொறுப்பு என்று கடிதங்கள் போய்க்கொண்டிருந்தபோதே கூரை ஓடுகள் காணாமல் போக ஆரம்பித்தன. எனக்கு அதற்கு முன்பே ஆர்டர் வந்துவிட்டது. வேறொரு துறையில் இளநிலை உதவியாளர், நிரந்தரம். பரிந்துரைக் கடிதத்தில், தொழிலாளர் சமூகத்தோடு இணக்கமாகப் பழகக்கூடியவர் என்று என் பழைய அதிகாரி எழுதியிருந்தார்.

பல வருஷம் கழித்து பெரியம்மாவின் பேத்திக்குக் கல்யாணம் வந்தது. அம்மா என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே உடன் போனேன். திருப்பூரில் ஒரு சின்ன மண்டபம். பெரியம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்தது. கண் மங்கியிருந்தாலும் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வாங்க என்றாள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, சமையல் கட்டுப் பக்கம் அவளிடம் போனேன். பஸ்ஸில் வரும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

"பெரியம்மா, அன்னைக்கு நான்..."

"அதெல்லாம் எதுக்குங்க" என்றாள். "பந்தி போட்டாச்சு, சாப்புட்டுப் போங்க."

கோபமே இல்லை அந்தக் குரலில். அவளே முன்னால் நடந்து போய், எனக்கு இடம் பார்த்து உட்காரவைத்தாள். பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண், இவங்க உங்க லயத்து ஆளா என்று கேட்டாள்.

"இல்ல. இவங்க கவர்மெண்டு ஆபீசுல இருக்காங்க" என்றாள் பெரியம்மா.

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். பாயசம் இரண்டு தடவை வைக்கச் சொன்னாள். இரண்டையும் குடித்து முடித்தேன். அம்மா அங்கேயே இரண்டு நாள் தங்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். நான் நாலு மணி மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்தேன். மறுநாள் ஆபீசில் இன்ஸ்பெக்‌ஷன் இருந்தது.